வெளியூர் போனவரின் பெயர்

ஐந்தாவது மணியா ஆறாவது மணியா என்று விரலுக்குத் தெரியவில்லை. ஜெபமாலை தொடங்கி இன்னும் முதல் பத்தே முடியவில்லை, அதற்குள் பிரகாசிக்கு எண்ணிக்கை போய்விட்டது. போகாமல் என்ன செய்யும், முன்வரிசையில் மண்டியிட்டு ரெஜினா டீச்சர் ஜெபம் சொல்லுகிற வேகம் அப்படி. ரிடையர் ஆகிப் பத்து வருஷமாகியும் பெல் அடிக்கிறதுக்குள் பாடத்தை முடிக்கிற அவசரம் டீச்சரை விடவில்லை. டீச்சர் பாதி மந்திரத்தைச் சொல்ல, மீதிப் பாதியைப் பெண்கள் பக்கம் மொத்தமும் சொல்ல, அந்த மொத்தத்தில் பிரகாசியின் வாயும் சேர்ந்து தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. நல்ல வாய் அது. ஐம்பத்தெட்டு வயசுக்கு வந்தும் மனசு எந்தத் தெருவில் திரிந்தாலும் தன் வேலையை நிறுத்தாது. மனசு இப்போது இடது கைக்குள் இருந்தது. இடது கையில் ஒரு சீட்டு, நாலாக மடங்கி, வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது. நவம்பர் மாதம் மரித்த ஆத்துமாக்களின் மாதம். தினமும் சாயங்காலம் ஆறு மணிப் பூசைக்கு முன்னால் உபதேசியார் கபிரியேல் செத்தவர்களின் பெயரை வாசிப்பார். பெயரைச் சீட்டில் எழுதி, ஜெபமாலை முடிகிறதுக்குள் பீடத்தின் ஓரத்து மேசையில் இருக்கிற டின்னில் போட்டுவிட வேண்டும். டின் இரண்டு. ஒன்றின் மூடியில் ‘உயிரோடிருப்பவர்கள்’ என்று காகிதம் ஒட்டியிருக்கும். சுகமில்லாதவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள், விசாவுக்குக் காத்திருக்கிறவர்கள் எல்லாரும் அதற்குள். இன்னொன்றில் ‘மரித்தவர்கள்’. இரண்டுமே ஒரே மாதிரி பிஸ்கட் டின், இரண்டு மூடியிலும் ஒரே வெள்ளைக்காரப் பிள்ளை ஒரே மாதிரி சிரிக்கும். சீட்டின் முதல் வரியில் அம்மாவின் பெயரை எழுதியாகிவிட்டது: அமலோற்பவம். மாசி மாதம் அடக்கம் பண்ணினது, இதுதான் முதல் நவம்பர். இரண்டாவது வரி வெறுமனே கிடந்தது. காலையில் தம்பி ததேயு போன் பண்ணினான். “யக்கா, அம்மா பேரோட அப்பா பேரையும் சேத்து எழுதிக் குடுத்துரு. கல்லறைக்குக் கல்லு கொத்துதவன் நாலு நாளா கேக்கான், இன்னாரின் மனைவின்னு போடவா, மறைந்த இன்னாரின் மனைவின்னு போடவான்னு. இன்னுமா இருப்பாரு? எண்பத்தொன்பது வயசுக்கா. அவரு குடிச்ச குடிக்கு அறுபதே அதிகம்.” அவன் சொல்கிறது ஞாயம்தான். அப்பா வீட்டை விட்டுப் போய் முப்பத்தொரு வருஷம். ஆனால் எங்கேயோ ஒரு பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து, சும்மா பீடி பற்றவைத்துக்கொண்டிருக்கிற மனுஷனை ஒரு பால்பாயிண்ட் பேனாவால் கொன்றது மாதிரி ஆகிவிடாதா? பேனாவுக்கே அந்தப் பயம் வந்ததோ என்னவோ, இரண்டாவது வரிக்கு வந்ததும் எழுத மாட்டேன் என்று நின்றுவிட்டது. உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தாள். அங்கே நன்றாக எழுதியது.

இன்று செவ்வாய், துக்க தேவ இரகசியம், பத்துக்கு ஒன்றாக ஆண்டவர் பட்ட பாடுகளை நினைக்க வேண்டும். முதல் பத்துக்கு, ஆண்டவர் பூங்காவனத்தில் முழந்தாளிட்டு, இந்தப் பாத்திரம் என்னை விட்டு அகலட்டும் என்று கேட்டது. இந்த இடம் வந்தால் பிரகாசிக்குப் பக்தி வருகிறதுக்கு முன்னால் சிரிப்பு வந்துவிடும், அந்தப் பாவத்துக்கு அவள் எத்தனையோ தடவை பாவசங்கீர்த்தனம் பண்ணியாகிவிட்டது. அப்பா சொன்னதுதான் காரணம். பெரிய வியாழக்கிழமை ராத்திரி சாமியார் இதே இடத்தை உருகி உருகி வாசிக்கும்போது, ஆண்கள் பக்கம் தூணில் சாய்ந்து நின்ற இன்னாசிமுத்து பக்கத்தில் நின்றவரிடம், “அவருக்காவது அகலட்டும்னு கேக்கத் தெரிஞ்சுது, எனக்கு அந்தப் பாத்திரம் நெறையவே மாட்டேங்கே” என்றாராம். பக்கத்தில் நின்றவர் சிரித்த சிரிப்பில் சாமியார் வாசிப்பை நிறுத்திவிட்டார். அப்பா பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தார். சப்பரத்துக்கும் கல்யாணத்துக்கும் வாசிப்பார், ஆனால் பேர் வாங்கினது சாவு வீட்டில்தான். இன்னாசிமுத்து ஊதினால் எதிர்வீட்டுக்காரன் கூட அழுவான் என்பார்கள். ஊதி முடித்ததும் சாவு வீட்டில் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லக்கூடாது, சொன்னால் செத்தவர் மனசு வருத்தப்படும் என்பது அவருடைய வேதபாடம். ஆரம்பத்தில் ஒரு நாளில் திரும்பி வந்தார். பிறகு மூன்று நாள். பிறகு, செத்தவர் மனசு திருப்திப்பட ஒரு மாதம் ஆயிற்று. யார் கேட்டாலும் அம்மா, “வெளியூர் போயிருக்காக” என்பாள். முகத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. மூன்றாம் வகுப்பில் புதுசாக வந்த டீச்சர், அப்பா பெயர் என்ன, தொழில் என்ன என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தபோது பிரகாசி எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, “அப்பா பேரு இன்னாசிமுத்து, தொழில் வெளியூர்” என்றாள். டீச்சரும் எழுதிக்கொண்டார். எட்டாம் வகுப்பு முடித்துப் படிப்பை நிறுத்தினபோது கொடுத்த சர்டிபிகேட்டில்கூட அது அப்படியே இருந்தது. ரெஜினா டீச்சர் இரண்டாம் பத்துக்குப் போயாகிவிட்டதா? போயாகிவிட்டது. கற்றூணில் கட்டுண்டு அடிபட்டது. விரல் எங்கே? விரல் பெரிய மணியைத் தாண்டி யாரும் சொல்லாத இடத்தில் நின்றுகொண்டிருந்தது. இரண்டு மணி பின்னால் வந்தாள். மாதாவே, கணக்கு நீயே பார்த்துக்கொள்.

கணக்கு என்றால் அந்தோணியார் ஞாபகம். இடதுபக்க மாடத்தில் பாலனைக் கையில் ஏந்திக்கொண்டு எதுவும் தெரியாதவர் போல நிற்கிறார் பாருங்கள். தொலைந்ததை எல்லாம் கண்டுபிடித்துத் தருகிறவர். அவருக்கும் பிரகாசிக்கும் முப்பத்தொரு வருஷச் செவ்வாய்க்கிழமைப் பழக்கம். தெருவில் யார் வீட்டில் எது தொலைந்தாலும் பிரகாசியிடம்தான் வருவார்கள். “யக்கா, ஒங்க அந்தோணியார்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க” என்பார்கள், ஏதோ அவள் தாலுகா ஆபீசில் ஆள் வைத்திருக்கிற மாதிரி. கேஸ் புத்தகம் கிடைத்தது. ஒற்றைக் கொலுசு கிடைத்தது. லாரன்ஸ் மாமாவின் பல்செட் ஊறுகாய் ஜாடியில் கிடைத்தது. ஆடு கூடக் கிடைத்தது, போனது ஒன்று, வந்தது குட்டியோடு. அப்பாவை மட்டும் கேட்டால் பாலனைப் பார்க்கத் திரும்பிக்கொள்வார். ஒருநாள் அவளுக்குக் கோபம் வந்து, ஆட்டுக்கு இருக்கிற மதிப்பு ஒரு மனுஷனுக்கு இல்லையா என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு, மெழுகுவத்தியும் ஏற்றாமல் வீட்டுக்கு வந்தாள். அன்றைக்குப் பாத்திரம் தேய்க்கும்போதுதான் இது தோன்றியது. தொலைந்தது என்றால் அதற்குத் தான் இருக்கிற இடம் தெரியாமல் இருக்க வேண்டும். அப்பாவுக்கு அவர் இருக்கிற இடம் தெரியும். அவள் வீட்டுக்கு எப்படி வர வேண்டும் என்றும் தெரியும், பத்தொன்பதாம் நம்பர் பஸ், ஆஸ்பத்திரி நிறுத்தம், மூன்றாவது சந்து. அப்படிப்பட்டவரை அந்தோணியார் எங்கே போய்த் தேடுவார், பாவம். தேய்த்த பாத்திரத்தையே திரும்பவும் தேய்த்துக்கொண்டிருந்தாள் அன்றைக்கு. மறு செவ்வாய் இரண்டு மெழுகுவத்தியாக ஏற்றினாள்.

அப்பா அவளுக்கு விட்டுப்போன சொத்து ஒன்று உண்டென்றால் அது மூக்கு. மற்றப் பெண்களுக்குப் பிச்சிக்கும் மல்லிகைக்கும் வித்தியாசம் தெரிகிற வயசில் இவளுக்குக் கள்ளுக்கும் பட்டைச் சாராயத்துக்கும் தெரிந்தது. தெருமுனையில் ஆள் வரும்போதே, இன்றைக்குச் சோற்றை ஒளித்துவைக்க வேண்டுமா, சும்மா இருந்தால் போதுமா என்று மூக்கு சொல்லிவிடும். அந்த மூக்கு இன்னும் வேலையிலிருந்து ஓய்வு பெறவில்லை. மகன் கிளமெண்ட் கோயம்புத்தூரிலிருந்து லீவுக்கு வந்தால் வாசலிலேயே ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பாள். மருமகள் முதல் தடவை பார்த்துக் கண்கலங்கி, “அத்தைக்கு மகன் மேல எவ்வளவு பாசம்” என்றாள். கிளமெண்ட், “பாசமா? செக்கிங். அம்மா, மூச்சு விடட்டுமா, இல்ல ரெண்டாவது தடவையும் மோந்து பாக்கணுமா?” என்றான். கொரோனாச் சமயத்தில் ஒருநாள் அவன்மேல் குப்பென்று அடிக்க, அவள் நடுவீட்டில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்து, அவன் சட்டைப்பையிலிருந்து கை கழுவுகிற மருந்துப் பாட்டிலை எடுத்துக் காட்டுகிறதுக்குள் ஒன்பதுநாள் ஜெபம் ஒன்றை நேர்ந்தும் விட்டாள். நேர்ந்ததை விடக்கூடாது என்று ஒன்பது நாளும் சொன்னாள். சிரிக்கிறார்கள் பிள்ளைகள். சிரிக்கட்டும். குடி இரத்தத்தில் ஓடுகிறது என்று ஒரு டாக்டர் டிவியில் சொன்னார், தாத்தாவிடமிருந்து பேரனுக்குத் தாண்டிக் குதிக்குமாம். அன்றிலிருந்து அவளுக்கு ராத்திரித் தூக்கம் அரைத் தூக்கம்தான். முள்முடி. மூன்றாம் பத்து முள்முடி. வாய் சரியான இடத்தில் நிற்கிறது, சேசுவுக்குத் தோத்திரம்.

சரி, சீட்டு. எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் இந்தப் பெயர் ஒருதடவை இந்தக் கோயிலில் வாசிக்கப்பட்டுப் பட்டது போதும். அப்பா போய் ஒன்பதாம் வருஷம், இதே நவம்பர். அம்மா வருஷா வருஷம் ‘உயிரோடிருப்பவர்கள்’ டின்னில் பெரிய எழுத்தில் அப்பா பெயரைப் போடுகிறவள். அன்றைக்கு இரண்டு டின்னின் மூடியும் மாறிவிட்டது, உபதேசியார் கபிரியேல் மேல் முழுத் தப்பும் சொல்ல முடியாது. “மரித்த இன்னாசிமுத்து ஆத்துமா இளைப்பாற” என்று அவர் வாசித்தார். பெண்கள் பக்கத்தில் ஒரு பெஞ்சு கிரீச்சிட்டது. அம்மா எழுந்து நின்றாள். “நிறுத்தும் உபதேசியாரே! யாரு செத்தா? அவரு சாகல! வெளியூர் போயிருக்காரு!” ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், “எந்தூர்க் கடைக்கு?” என்று கேட்டது. “எந்தூர்க் கடையா இருந்தா ஒனக்கென்னல, கூட வாறியா?” என்றாள் அம்மா திரும்பாமலே. அதற்கு முந்தின பெயர்களில் பரீட்சை எழுதுகிற ஏழு பிள்ளைகளும் மரித்தவர்களாகிவிட்டது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்து, அவர்கள் அம்மாக்களும் எழுந்தார்கள். பூசை அரைமணி நேரம் பிந்திற்று. வீட்டுக்கு வந்து அம்மா, வெத்தலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, ஏச்சைத் தொடங்கினாள். அம்மாவின் ஏச்சு! அது தெரு முழுக்கப் பேர் போனது. என்றைக்காவது அவர் திரும்பி வந்து வாசலில் நிற்பார், அப்போது சொல்வதற்கென்று அவள் தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் அதைச் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். “வாரும்யா, வாரும். இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்” என்று ஆரம்பிக்கும். குரலை அங்கே உயர்த்தமாட்டாள், பாதி வழியில்தான் உயர்த்துவாள். மகள் கல்யாணத்துக்கு அப்பனாக வராமல் பேண்டுக்காரனாக வந்தது பாதி வழியில் வரும். அது நிஜம். பிரகாசியின் கல்யாணத்தில் அப்பா எங்கே என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது அம்மா, “அதோ, முன்னால ஊதிட்டுப் போறாகல்லா” என்று காட்டினாள். சிவப்புச் சட்டை, பொத்தான் ஒன்று இல்லை, ஆனால் என்ன வாசிப்பு! சாப்பாட்டுப் பந்திக்குப் பார்த்தால் ஆளைக் காணோம். முப்பத்தொரு வருஷத்தில் அம்மா அந்த ஏச்சில் சேர்த்ததும் திருத்தினதும் எவ்வளவு! பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு மனப்பாடம், ஒரு வரி விட்டால் எடுத்துக் கொடுக்கும். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, மூச்சு வாங்க வாங்க, பிரகாசியின் கையைப் பிடித்து, “அவரு வந்தா நீதான் ஏசணும், கேட்டியா. ஒண்ணையும் விட்டுராத” என்றாள். சரிம்மா என்று சொல்லித் தொலைத்தாள். இப்போது அந்த ஏச்சு முழுக்க அவள் நெஞ்சில் கிடக்கிறது, ஆள் வராமல். அவளோ யாரையும் ஏசிப் பழகினவள் இல்லை. பால்காரன் தண்ணீர் ஊற்றினால்கூட, “இன்னைக்கு மாடு நிறையத் தண்ணி குடிச்சுதோ தம்பி” என்று கேட்கிறவள்.

நாலாம் பத்து, சிலுவை சுமந்தது. இங்கேதான் அது எப்போதும் வந்து மாட்டும், எத்தனை மணி உருட்டினாலும் இந்த இடத்தில் முடிச்சு விழும். அம்மாவின் ஏச்சில் ஒரு வரி உண்டு: “போறவரு ஒரு வார்த்த சொல்லிட்டாவது போனீரா?” அந்த வரி வரும்போதெல்லாம் பிரகாசி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். ஏனென்றால் போன அன்றைக்கு அவர் வந்தார். இவளிடம் வந்தார். பகல் இரண்டரை மணி, பிள்ளை தொட்டிலில், மூன்று மணி பஸ்ஸுக்கு மாமியார் வரப்போகிறாள், வீட்டில் ஒரு சாமான் இடத்தில் இல்லை. வாசலில் அப்பா நின்றார். கையில் கிளாரினெட் பெட்டி இல்லை. “ரிப்பேருக்குக் குடுத்திருக்கு தாயி” என்றார், அவள் கேட்காமலே. மாமியார் வருகிற நேரத்தில் இந்த வாசமும் கையுமாகவா என்ற நினைப்புத்தான் முன்னால் ஓடியது. “அப்புறமா வாங்கப்பா” என்றாள். “சரி தாயி, அப்புறமா வாரேன்” என்றார், ஏதோ நல்ல யோசனை சொன்னது போலத் தலையாட்டிக்கொண்டு. அவர் சந்து திரும்பின பிறகுதான் மூக்கு, அத்தனை வருஷமும் ஆளுக்கு முன்னால் தகவல் சொல்கிற மூக்கு, மெல்ல வந்து சொன்னது: வாசம் இல்லையே. ஒன்றும் இல்லை. சோப்பு வாசம். குளித்து, தலை சீவி, வெறும் சோப்பு வாசத்தோடு வந்து நின்றிருந்தார் மனுஷன். ஓடினாள் சந்து முனைவரை. பத்தொன்பதாம் நம்பர் போய்விட்டிருந்தது. மூன்று மணிக்கு மாமியாரும் வரவில்லை, மறுநாள்தான் வந்தாள். இதை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை, ததேயுவிடம் சொல்லவில்லை, பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஒரு தடவை வாய் வரைக்கும் வந்து, சாமியார் இருமினதில் திரும்ப உள்ளே போய்விட்டது. அப்புறமா வாங்க என்று சொன்னவள் அவள். மரித்தவர்கள் டின்னில் போட்டுவிட்டால் அந்த அப்புறத்துக்கு அப்புறம் ஏது? அதனால்தான் தேடினது, அதனால்தான் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி, அதனால்தான் எந்தக் கிழவன் பஸ் ஸ்டாண்டில் குனிந்து உட்கார்ந்திருந்தாலும் சுற்றி முன்னால் போய் முகத்தைப் பார்த்தது, ஒரு தடவை அப்படிப் பார்த்ததில் ஒரு பெரியவர் பயந்து பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டது. அவர் போனபோது அவருக்கு இருந்த வயசு இப்போது அவளுக்கு. ஐம்பத்தெட்டு வயசு அவ்வளவு கிழடு ஒன்றும் இல்லை என்று இப்போதல்லவா தெரிகிறது.

ஐந்தாம் பத்து. டீச்சர் வேகம் கூட்டிவிட்டார், வீட்டில் குழம்பு அடுப்பில் இருக்கும். சிலுவையில் மரித்தது. கடைசி நேரத்தில் தாகம் என்றவருக்குப் புளித்த காடியைக் கொடுத்தார்கள். ஆண்டவரே அதைக் குடித்துவிட்டுத்தான் போனார், நாம் யாரை என்ன சொல்ல. அப்பா எங்கேயாவது தாகம் என்று கேட்டிருப்பாரா, யாராவது கொடுத்திருப்பார்களா? கொடுத்திருக்கட்டும். எதுவாக இருந்தாலும் கொடுத்திருக்கட்டும். இப்படி நினைத்ததும் பிரகாசிக்கே திக்கென்றது, குடிக்கு எதிராக நேர்ந்த ஜெபமெல்லாம் என்ன ஆவது. ஆனால் நினைத்தது நினைத்ததுதான். பிறகு அவள் இன்னொன்றையும் நினைத்தாள். மாசி மாதத்திலிருந்து அம்மா அங்கே இருக்கிறாள். ஒன்பது மாதம். அம்மாவாவது சும்மா உட்கார்ந்திருப்பதாவது? மோட்சத்துக்கு முந்தின உத்தரிக்கிற ஸ்தலத்தில் ஒரு மூலை பாக்கி விடாமல், ஏய், இங்க கிளாரினெட் வாசிக்கிறவரு யாரும் உண்டுமா என்று கேட்டுக்கொண்டே போயிருப்பாள். அப்பா அங்கே இருந்தால் இதற்குள் அகப்பட்டிருப்பார். இல்லையென்றால், அங்கே இல்லை என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், எப்படியும் இந்தச் சீட்டை வாசிக்கும்போது எழுந்து நின்று கத்திவிடுவாள், இரண்டாவது தடவை. அகப்பட்டால் அப்பா சொல்லுவார், போகையில மவ வீட்டுக்குப் போனேன் அமலம், சொல்லிட்டுப் போகத்தான் போனேன், அப்புறமா வரச்சொன்னா என்று. சொல்லட்டும். அம்மாவுக்குத் தெரியட்டும். நாளைக்குப் பிரகாசி அங்கே போய்ச் சேரும்போது ஏச்சில் அவளுக்கும் ஒரு பங்கு இருக்கும். வாங்கிக்கொள்ளலாம். பேனாவை உதறினாள். முழங்கால் மேல் சீட்டை வைத்து, தொழில் என்று யாரும் கேட்காததால் பெயரை மட்டும் எழுதினாள். இன்னாசிமுத்து. பேனா ஒரு முரண்டும் பண்ணவில்லை.

எழுந்து பீடத்தின் ஓரத்துக்குப் போனபோது உபதேசியார் கபிரியேல் டின்களை எடுக்கக் கை நீட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எழுபத்தாறு வயசு, கை நடுக்கம், கண்ணாடி மூக்கு நுனியில். சீட்டை வாங்கி விரித்துப் பார்த்தார். முதல் வரியைப் பார்த்துத் தலையாட்டினார். இரண்டாவது வரியைப் பார்த்ததும் இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தின ஒரு பெஞ்சுச் சத்தம் அவர் முகத்தில் வந்து போயிற்று.

“தாயி, எந்த டின்னு?”

“இதுதான் உபதேசியாரே. மரிச்சவுக.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுதியா? பின்ன நான் வாசிக்கும்போது யாரும் எந்திரிச்சு நின்னு சத்தம் போடப்பிடாது. எனக்கு பிரஷர் இருக்கு.”

“சத்தம் போடுதவ பேரு முதல் வரியில இருக்கு, பாரும்” என்றாள் பிரகாசி.

அவர் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, கோயிலுக்குள் உபதேசியார் சிரிக்கக்கூடாத அளவுக்குச் சிரித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிரகாசி இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். கைக்குள் சீட்டு இல்லாதது ஒரு மாதிரி இருந்தது, முந்தானை நுனியை எடுத்து அங்கே வைத்துக்கொண்டாள். மணி அடித்தது. உபதேசியார் மைக்கைத் தட்டினார், ஊதினார், வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் அவருக்கு மூச்சு வாங்கியது. மரித்த சூசைமாணிக்கம். மரித்த தனிஸ்லாஸ். மரித்த அமலோற்பவம். மரித்த இன்னாசிமுத்து. அங்கே நிறுத்தினார். கண்ணாடிக்கு மேலாகப் பெண்கள் பக்கத்தை ஒரு பார்வை பார்த்தார், வரிசை வரிசையாக, பழக்கதோஷம். பெஞ்சு எதுவும் கிரீச்சிடவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பிரகாசி மூச்சை அடக்கி, கண்ணை மூடி, காதைக் கொடுத்தாள். ஒரு எதிர்ப்பும் வரவில்லை. அப்படியானால் ஆள் அகப்பட்டுவிட்டார். அவளுக்குக் கண்ணீர் கன்னத்தில் இறங்கியது, கூடவே சிரிப்பும் முட்டியது, முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள். ஏனென்றால், உபதேசியார் அடுத்த சீட்டைப் பிரிக்கிற அந்த ஒரு நொடியில், எங்கேயோ உயரத்தில் ஒருத்தி வெத்தலைச் சாற்றைத் துப்பிவிட்டு, சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, குரலை உயர்த்தாமல், அவசரமே இல்லாமல் தொடங்குவது அவள் காதுக்கு நன்றாகவே கேட்டது: வாரும்யா, வாரும்.